கோல்கீப்பர் கையில் ஒரு காப்பு

என் அப்பா வெளிநாட்டில் இருக்கிறார் என்றால் எங்கள் ஊரில் அடுத்த கேள்வி துபாயா, சிங்கப்பூரா என்பதாகத்தான் இருக்கும். இரண்டும் இல்லை, பந்து விளையாடப் போயிருக்கிறார் என்று சொன்னால் கேட்டவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்ப்பார். பிறகு, "சரி பாப்பா, வேலைக்கு எங்கிட்டுப் போறாரு?" என்பார். அரிமளத்துக்குப் பக்கத்தில் மூன்று தெருவும் ஒரு கண்மாயும் உள்ள ஊர் எங்களுடையது. இரண்டு கம்பத்துக்கு நடுவே நின்று வருகிற பந்தைப் பிடிப்பதற்கு ஒரு மனிதருக்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்று ஊரை நம்ப வைப்பதிலேயே என் ஒன்பதாவது வயது கழிந்தது.

கண்மாய் வற்றிய மாதங்களில் அதன் தரையில் விளையாடிப் பழகியவர் அப்பா. அங்கிருந்து விளையாட்டு விடுதிக்குப் போய், பிறகு ஓர் அரசுத் துறை அணியில் கோல்கீப்பராகி, அதே துறையில் வேலையும் வாங்கியிருந்தார். முப்பத்தொரு வயதில், இனி ஓய்வு பெறும்வரை கோப்புகளைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, அவருடைய பழைய பயிற்சியாளர் ஒருவர் வடக்கே வெகுதூரத்தில் இருந்த ஒரு குளிர் நாட்டிலிருந்து கூப்பிட்டார். கடலோரத்தில் ஒரு சின்ன ஊர், அதற்கு ஒரு கிளப், அதற்கு அவசரமாக ஒரு கோல்கீப்பர். ஒரே ஒரு சீசனுக்கு ஒப்பந்தம். வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நாலாவது நாள், "போய்த்தான் பாரேன்" என்றார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ஆசீர்வாதம்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அப்போது பங்குனி மாதம், மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். பால்குடம் எடுக்க நேர்ந்துகொண்டவர்கள் மணிக்கட்டில் விரலி மஞ்சள் கோத்த மஞ்சள் நூலைக் கட்டிக்கொள்வார்கள். கட்டிவிட்டால் பால்குடம் எடுத்து முடிக்கிறவரை அதை அவிழ்க்கக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டவும் கூடாது. இந்த வேலை கிடைக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு அப்பாவும் கட்டியிருந்தார். காப்புக் கட்டிய மூன்றாம் நாள், திங்கட்கிழமைக்குள் வந்து பதிவு செய்யாவிட்டால் இடம் இல்லை என்று அங்கிருந்து செய்தி வந்தது. வேண்டுதல் பலித்தது, பலித்த நேரம்தான் சரியில்லை.

பூசாரி கையை விரித்துவிட்டார். "பால்குடம் எடுக்காம அவுக்க எனக்கு உரிமை இல்லப்பா. போறதுன்னா காப்போட போ. திரும்பி வந்து பால்குடம் எடு, நான் அவுத்து விடுறேன்." அப்படியாக என் அப்பா காப்புக் கட்டிய கையோடு எல்லைக் கருப்பர் சிலையைத் தாண்டி, திருச்சி விமான நிலையத்துக்குப் போனார். கார் சிலையைத் தாண்டியபோது ஐயா துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி விழுந்துவிட்டது என்றார். மழை பெய்து ஓய்ந்த தரையில் தூசி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஆட்டங்களை அந்த கிளப் இணையத்தில் காட்டும். கம்பத்தில் கட்டிய ஒரே ஒரு கேமரா. பாதி நேரம் அதன்மேல் ஒரு கடல் பறவை வந்து உட்கார்ந்து வாலைக் காட்டும். சனிக்கிழமை தோறும் எங்களுக்கு மாலை நாலரை மணிக்கு ஆட்டம் தொடங்கும். அம்மா கைபேசியைச் சுவரில் சாய்த்து வைப்பாள், நானும் அவளும் முன்னால் உட்காருவோம். முதல் ஆட்டத்தில் இரண்டு கோல் வாங்கினார்கள். அடுத்ததில் நாலு. ஐந்தாவது ஆட்டத்தில் ஆறு. ஆறாவது பந்தை வலைக்குள்ளிருந்து எடுத்த அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாதவர்போலச் சுற்றிலும் பார்த்ததை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவரை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். கேமராவில் பெஞ்சு தெரியாது. திரையின் இடது மூலையில் ஒரு போர்வையின் நுனி மட்டும் தெரியும். அப்பா போர்த்தியிருக்கும் போர்வை. தொண்ணூறு நிமிடமும் அம்மா ஆட்டத்தைப் பார்க்காமல் அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது அசைந்தால், "எந்திரிச்சுட்டாங்க போல" என்பாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? ரேஷன் கடை வரிசையில் எங்களுக்குக் கேட்கும்படியே பேசினார்கள். காப்புக் கையோடு எல்லை தாண்டினால் ஆத்தா சும்மா விடுவாளா, ஒரு பந்தைக்கூடப் பிடிக்க விடமாட்டாள் என்றார்கள். அம்மா மண்ணெண்ணெய் கேனைக் கீழே வைத்துவிட்டு, சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மறுபடி கேனை எடுத்துக்கொண்டாள். அவளுடைய பதில் அவ்வளவுதான்.

ஞாயிறு காலையில் அப்பா வீடியோ காலில் வருவார். ஐயா ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். "கையக் காட்டுப்பா" என்பார். அப்பா சட்டைக் கையை மேலே ஏற்றி மணிக்கட்டைக் காட்டுவார். மஞ்சள் நூல் பளிச்சென்று தெரியும். "இருக்கட்டும். அவுத்துறாத" என்று சொல்லிவிட்டு ஐயா எழுந்து போய்விடுவார். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். மகன் தோற்றுக்கொண்டிருந்தாலும் சாமிக்குச் சொன்ன சொல்லில் நிற்கிறான்.

முதல் ஆட்டம் முடிந்த வாரத்தில் அம்மா அப்பாவுக்கு ஒரு பார்சல் அனுப்பினாள். பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், முறுக்கு எல்லாவற்றையும் அடுக்கியவள் நான்தான். கடைசியில் அம்மா ஒரு பெரிய நூல்கண்டையும் கைநிறைய விரலி மஞ்சளையும் கொண்டுவந்து வைத்தாள். பந்து விளையாடுகிறவருக்கு நூல்கண்டு எதற்கு என்று கேட்டேன். "கிளவுஸ் பிஞ்சா தைக்க வேணாமா?" என்றாள். மஞ்சள்? "சளி புடிச்சா பால்ல போட்டுக் குடிக்க." கேள்விக்குப் பதில் உடனுக்குடன் வந்ததால் நான் திருப்தியோடு முறுக்குப் பக்கம் திரும்பிவிட்டேன்.

இந்தத் தோல்விகளை எல்லாம் நிறுத்த ஒரு வழி எனக்குத்தான் தோன்றியது. குற்றம் என்ன? காப்புக் கட்டியவர் எல்லையைத் தாண்டியது. அவர் தாண்டிவிட்டார், அதை இனி மாற்ற முடியாது. ஆனால் அவர் ரத்தம் நான். அவருக்குப் பதிலாக நான் எல்லைக்குள் இருந்துவிட்டால் ஆத்தா எப்படிக் கோபப்படுவாள்? இப்படி யோசித்து, அப்பாவின் காப்பு அவிழும்வரை எல்லைக் கருப்பர் சிலையைத் தாண்டுவதில்லை என்று தீர்மானித்தேன். பள்ளிக்கூடம் ஊருக்குள்ளேயே இருந்தது என் துரதிர்ஷ்டம். மற்றபடி அரிமளம் சந்தைக்குப் போகவில்லை, அத்தை வீட்டுக் காதுகுத்துக்குப் போகவில்லை. தீபாவளிக்குச் சட்டை எடுக்கக்கூடப் போகவில்லை. அம்மா குத்துமதிப்பாக எடுத்துவந்த கவுனுக்குள் என்னைப்போல் இன்னொருத்தியும் நுழையலாம்.

இதில் பெரிய சோதனை ஆவணியில் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து முக்கொம்புக்குச் சுற்றுலா. நான் பார்த்த பெரிய தண்ணீர் எங்கள் கண்மாய்தான். காவிரியை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்று இரண்டு வருடமாக அரித்துக்கொண்டிருந்தவள் நான். வேன் வருகிற காலையில் அம்மா நாலு மணிக்கே எழுந்து புளிச்சோறு கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து டப்பாவில் அடைத்திருந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, வரவில்லை என்றேன். காரணத்தைக் கேட்டாள். சொன்னேன்.

அம்மா டப்பா மூடியை மறுபடி அழுத்தினாள். "போயிட்டு வா தங்கம். அப்பா ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

"அப்பா கையில காப்பு இருக்குல்ல?"

அம்மா உள்ளே திரும்பி ஐயாவைப் பார்த்தாள். அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். "அம்மா சொல்றேன்ல, சாமி கோவிச்சுக்காது. போயிட்டு வா" என்று என் கையில் டப்பாவைத் திணித்தாள். நான் அசையவில்லை. பிடிவாதத்தில் நான் ஐயா வழி. சாதாரண நாளாக இருந்தால் முதுகில் ஒன்று வைத்து வேனில் ஏற்றியிருப்பாள். அன்று அவள் கண் நிறைந்து வழிந்தது. வேன் போனபோது நான் கருப்பர் சிலைக்கு இந்தப் பக்கமாக உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் வகுப்பே சன்னல் வழியாகக் கையாட்டியது. ஒரு கையில் உருளைக்கிழங்கோடு நானும் ஆட்டினேன்.

ஐப்பசியில் கடைசி ஆட்டம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு முதல் கோல்கீப்பரின் விரல் முறிந்துவிட, அப்பாவை மறுபடி இறக்கியிருந்தார்கள். கடைசி ஆட்டத்தில் தோற்றால் கிளப் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும், வெளிநாட்டு ஆட்களை அனுப்பிவிடுவார்கள். தோற்காமல் இருந்தால் போதும், மேலும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம். வெள்ளிக்கிழமை அப்பா இதைச் சொன்னபோது ஐயா முதல்முறையாக ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார்.

"தோத்தா வந்துருவியா?"

"வந்துருவேன்ப்பா. வேலைதான் இல்ல, வேற எதாச்சும் பாத்துக்கலாம்."

ஐயா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "தோக்காத" என்றார். கையைக் காட்டச் சொல்ல அன்று மறந்துவிட்டார்.

ஊரில் மைக் செட் வைத்திருந்தவர் அம்மாவுக்குப் பெரியப்பா மகன், எனக்கு மாமா. சுற்றுவட்டாரத்தில் எங்கே ஜல்லிக்கட்டு நடந்தாலும் ஒலிபெருக்கியில் கேட்கிற குரல் அவருடையது. அவர்தான் நாடக மேடையின் தகரக் கொட்டகையில் திரை கட்டி, புரொஜக்டர் வைத்து, ஊரையே கூட்டினார். மழைக்காலம், வயல் வேலை இல்லை. கூட்டம் நன்றாகவே வந்தது. பாதிப் பேர் எங்கள் அப்பாவைப் பார்க்க வந்தார்கள், பாதிப் பேர் அவர் தோற்பதைப் பார்க்க வந்தார்கள் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது.

மாமாவுக்குக் கால்பந்து தெரியாது. அதனால் தெரிந்ததைச் சொன்னார். "வாரான் வாரான், பத்தாம் நம்பர் வாரான். மச்சான் நிக்கிறாரு பாரு, எங்கிட்டும் விடமாட்டாரு. தொட்டுப் பாரு, தம்பி, தொட்டுப் பாரு. அருமை. மச்சான் புடிச்ச பந்துக்கு ஒரு எவர்சில்வர் அண்டா." இடைவேளைக்குள் அப்பா ஏழு அண்டாவும் ஒரு கட்டிலும் ஜெயித்திருந்தார். இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. தோற்பதைப் பார்க்க வந்தவர்களும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

முடிய கால் மணி நேரம் இருக்கும்போது மழை இறங்கியது. மழை வந்தால் எங்கள் ஊரில் கரண்ட் போய்விடும். போய்விட்டது. திரை வெள்ளைத் துணியாகிவிட்டது. மைக் செட் மட்டும் பேட்டரியில் உயிரோடு இருந்தது, அம்மாவின் கைபேசியில் ஆட்டம் இருந்தது. மாமா அதை வாங்கி, தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு மைக்கை அம்மாவிடம் நீட்டினார். "நீ பாத்துச் சொல்லு தங்கச்சி."

ஐயா இருக்கும் இடத்தில் அம்மா குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மைக்கை வாங்கி ஐயாவைப் பார்த்தாள். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "சொல்லு ஆத்தா, என்ன நடக்குதுன்னு தெரியணும்ல" என்றார்.

அம்மா ஆரம்பித்தாள். முதலில் காற்று மட்டும் வந்தது. பிறகு வார்த்தை வந்தது. பிறகு நிற்கவே இல்லை. பந்து யாரிடம் இருக்கிறது, யார் ஓடுகிறார், எது ஃபவுல், எதற்குக் கொடி தூக்குகிறார்கள், எல்லாம் சொன்னாள். அந்தப் பதினோரு பேரின் பெயரும் அவளுக்குத் தெரிந்திருந்தது. போர்வையின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நான் நினைத்த மாதங்களில் அவள் மீதித் திரையையும் பார்த்திருக்கிறாள். "ஏழாம் நம்பர் எடதுகால்காரன், அவன அங்கிட்டு விடாதீங்க, அடைங்க" என்று அங்கே இருப்பவர்களுக்குக் கட்டளையே போட்டாள். மழை தகரக் கொட்டகையில் கொட்டுகிறது, அதற்கும் மேலே அம்மாவின் குரல் மூன்று தெருவுக்கும் கேட்கிறது.

"கார்னர் அடிக்கப் போறாங்க. இதுதான் கடைசி. அடிச்சுட்டாங்க. தலையால முட்டிட்டான். கை வச்சுட்டாங்க, அப்பா கை வச்சுட்டாங்க, பந்து கீழ விழுந்து உருளுது, கோட்டுக்குப் போகுது, மேல விழுந்துட்டாங்க..." பிறகு அம்மா நிறுத்தினாள். "சுத்துதுங்க" என்றாள்.

சிக்னல் இல்லாமல் கைபேசியில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஐயா நின்றுகொண்டிருந்தார், எப்போது எழுந்தார் என்று தெரியாது. எனக்கு மட்டும் பயமே இல்லை. ஏழு மாதம் நான் எல்லைக் கருப்பரைத் தாண்டவில்லை. அந்தப் பந்துக்கு மட்டும் எங்கிருந்து துணிச்சல் வரும்?

"தாண்டல" என்றாள் அம்மா. "ரெஃப்ரி கையாட்டிட்டாரு. கோட்டைத் தாண்டல. கோட்டு மேலயே புடிச்சுட்டாங்க. விசில் அடிச்சாச்சு. முடிஞ்சுபோச்சு."

முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் சந்தேகத்தோடு கேட்டார். "யாரு ஜெயிச்சது?"

"யாரும் ஜெயிக்கல" என்றார் மாமா.

"பெறகு எதுக்குய்யா இம்புட்டுக் கூத்து?"

மாமா அம்மாவிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார். "வாடிவாசல்ல வந்த மாடு யார் கையிலயும் புடிபடாமப் போயிருச்சுன்னா என்ன அர்த்தம்? மாடு ஜெயிச்சுருச்சுன்னு அர்த்தம். மச்சான் தோக்கல. நம்ம ஊரு தோக்கல. அம்புட்டுத்தான்." இதைக் கேட்டதும் எல்லோருக்கும் ஆட்டம் முழுதாகப் புரிந்துவிட்டது. அடுத்த வாரத் தீபாவளிக்கு வாங்கிப் பரண்மேல் காயவைத்திருந்த வெடியெல்லாம் தெருவுக்கு வந்தது. மழையில் பாதி நமத்துப்போனது, மீதி வெடித்ததே போதுமானதாக இருந்தது. சைபருக்குச் சைபர் என்ற கணக்குக்கு உலகத்தில் வேறு எந்த ஊரும் அப்படிக் கொண்டாடியிருக்காது. ஐயா அம்மாவிடம் வந்து, "வெந்நி குடி ஆத்தா, தொண்டை கட்டிக்கிரும்" என்றார். அவர் குரல்தான் கட்டியிருந்தது.

பத்து நாளில் அப்பா வந்தார். கொட்டு மேளத்தோடு, திருவிழா இல்லாத மாதத்தில் அவருக்காக மட்டும் ஒரு பால்குடம் புறப்பட்டது. ரேஷன் கடையில் பேசியவர்கள் எல்லோரும் வாசலில் நின்று அவர் காலுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். நான் பெரிய கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். அபிஷேகம் முடிந்ததும் பூசாரி அப்பாவின் காப்பை அவிழ்த்து ஐயா கையில் கொடுத்தார். ஐயா அதை விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். விரலில் மஞ்சள் ஒட்டியது. அதை மெதுவாகத் தோளில் கிடந்த துண்டில் துடைத்துவிட்டு, "நல்ல காப்பு" என்றார். அப்பா தலை குனிந்து நின்றார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான் எல்லோரிடமும் சொன்னேன்: ஏழு மாதம் பனியிலும் மழையிலும் கிடந்தும் என் அப்பா காப்பில் சாயம் போகவில்லை, தொட்டால் மஞ்சள் ஒட்டுகிறது, ஆத்தாவின் சக்தி அப்படி. யாரும் மறுத்துப் பேசவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த விடுமுறையில், அப்பாவின் பழைய கையுறைப் பையைத் துவைக்க எடுத்தேன். உள்ஜிப்புக்குள் ஒரு காகிதப் பொட்டலம். அதில் ஒரு நூல், சுருங்கிய ஒரு துண்டு மஞ்சள். முடிச்சு அவிழாமல் இருந்தது. பக்கத்தில் கத்தரிக்கோலால் வெட்டிய அடையாளம். அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"மொத மேட்ச்லயே ரெஃப்ரி கண்டுபிடிச்சுட்டாரு. கையில எதுவும் இருக்கக் கூடாதாம். வெட்டுனாத்தான் உள்ள விடுவேன்னுட்டாரு" என்றாள் அம்மா. "போன்ல சின்னப் புள்ள மாதிரி அழுதாங்க. ஊருக்கே திரும்பி வாரேன்னாங்க. நான்தான், 'வராதீங்க, நூல் அனுப்புறேன், ஞாயித்துக்கெழம மட்டும் கட்டிக்கிட்டு உங்க அப்பாகிட்டக் கையக் காட்டுங்க, சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்'னேன்."

"ஐயாவுக்குக் கடைசிவரைக்கும் தெரியாதா?"

"பால்கொடம் எடுத்த அன்னைக்கு, தோள்ல கெடந்த துண்ட அவரே கொண்டாந்து குடுத்தாரு. 'மஞ்சக் கறை ஆத்தா, யாரும் பாக்குறதுக்குள்ள தொவைச்சுப் போடு'ன்னாரு. அதுக்கு மேல அவரும் கேக்கல, நானும் சொல்லல."

அப்பா அங்கே அந்த இரண்டு வருடத்துக்குப் பிறகும் இரண்டு வருடம் விளையாடினார். அந்தக் கடைசிப் பந்தின் வீடியோவை இப்போதும் நான் அடிக்கடி பார்ப்பேன். பந்து கோட்டின் மேல் இருக்கிறது, தாண்டவில்லை. காப்பு இல்லாத வெறுங்கையால்தான் அப்பா அதைப் பிடித்தார் என்று தெரிந்த பிறகும், அதில் எனக்குரிய பங்கை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. முக்கொம்பையும் போன வருடம் பார்த்துவிட்டேன். ஆனால் வேன் வந்த அந்தக் காலையில், வெட்டப்பட்டு நாலு மாதமான ஒரு காப்புக்காக மகள் காவிரியை வேண்டாம் என்று சொல்வதைப் பார்த்துக்கொண்டு, ஐயா காதில் விழாமல் உண்மையைச் சொல்லவும் வழியில்லாமல், "போயிட்டு வா தங்கம்" என்று அம்மா கெஞ்சிக்கொண்டு நின்றாள். வறுத்த உருளைக்கிழங்கு வீணாகப் போகிறதே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்து, ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் தின்று முடித்தேன்.